எந்தப் பதிப்பு என்று நிரலில் எழுதலாமா?

கேள்வி: படிப்பு முடிந்ததிலிருந்து சிறு கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறேன். ஜாசின், அலோர் காஜா, ஆயர் குரோ பக்கம் ஹார்ட்வேர் கடைகளும் வாகன உதிரிபாகக் கடைகளும்தான் என் வாடிக்கையாளர்கள். மின்விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) கட்டாயமானதால், டாட்நெட் 4.5-இல் எழுதிய என் பழைய மென்பொருளை வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் சேவையோடு இணைத்தேன். என் மடிக்கணினியில் நன்றாக ஓடுகிறது. ஜாசினில் ஒரு கடையின் விண்டோஸ் 7 கணினியில் மட்டும் ‘எஸ்.எஸ்.எல்./டி.எல்.எஸ். பாதுகாப்புத் தடத்தை உருவாக்க முடியவில்லை’ என்று நின்றுவிடுகிறது. சான்றிதழ்ச் சரிபார்ப்பை நிறுத்திவிடு என்கிறார் ஒரு நண்பர். டி.எல்.எஸ். 1.3-ஐ மட்டும் வை, அதுதான் புதியது என்கிறார் இன்னொருவர். நானோ, 1.2 தோற்றால் 1.1, அதுவும் தோற்றால் 1.0 என்று இறங்கி முயலும்படி எழுதி வைத்திருக்கிறேன். முதலாளிகள் கைப்பேசியில் விற்பனையைப் பார்க்க ஒரு சிறு சேவையகமும் நடத்துகிறேன். இத்தனை வருடம் பழைய பதிப்பில் போன கடைக்காரர்களின் தகவல் எல்லாம் கசிந்திருக்குமோ என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை. எந்தப் பதிப்பைத் தேர்ந்தெடுப்பது?

– ஆர்.எம்., புக்கிட் பெருவாங், மலாக்கா

பதில்: தம்பி, முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள். நீங்கள் பார்த்த பிழைச்செய்தி கசிவின் அடையாளம் அல்ல. இரண்டு கணினிகள் பேசத் தொடங்கும் முன்பே, இருவருக்கும் ஒத்த பாதுகாப்பு முறை கிடைக்காமல் பேச்சை முறித்துக்கொண்டன, அவ்வளவுதான். அந்த நேரத்தில் விலைப்பட்டியலோ வரி எண்ணோ கடவுச்சொல்லோ ஓர் எழுத்துகூட வெளியே போகவில்லை.

பழைய வருடங்களைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். டி.எல்.எஸ். 1.0 பலவீனமானது என்பது உண்மைதான். ஆனால் அதை உடைத்துக் காட்டிய தாக்குதல்களுக்கு இரண்டு வசதிகள் தேவைப்பட்டன. தாக்குபவர் உங்கள் இணைப்பின் வழியில் நடுவே உட்கார்ந்திருக்க வேண்டும். தான் விரும்பியதை உங்கள் கணினி மறுபடி மறுபடி அனுப்பும்படி செய்யவும் அவரால் முடிய வேண்டும். உலாவியில் (பிரௌசரில்) அந்நியத் தளத்தின் நிரல் ஓடுவதால் இரண்டாவது வசதி அங்கே எளிதாகக் கிடைத்தது. உங்கள் கணக்கு மென்பொருளுக்குள் அப்படி வேறொருவர் நிரல் புகுந்து ஓட வழியில்லை. ஆகவே அந்த வழியில் கசிந்திருக்க வாய்ப்பு மிகவும் குறைவு. மாற்ற வேண்டியதை மாற்றுங்கள். நடந்ததை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

இனி காரணத்துக்கு வருவோம். டி.எல்.எஸ். என்பது இணையத்தில் போகும் தகவலைப் பூட்டி அனுப்பும் நெறிமுறை (இரு கணினிகள் பேசிக்கொள்வதற்கான விதித்தொகுப்பு). 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனம் எஸ்.எஸ்.எல். 2.0 என்று வெளியிட்டதுதான் இதன் முன்னோர். அதிலிருந்த ஓட்டைகளை அடைக்க அடுத்த வருடமே 3.0 வந்தது. பிறகு இணையப் பொறியியல் பணிக்குழு பொறுப்பெடுத்துக்கொண்டு 1999-இல் டி.எல்.எஸ். 1.0-ஐயும், 2006-இல் 1.1-ஐயும், 2008-இல் 1.2-ஐயும், 2018-இல் 1.3-ஐயும் வெளியிட்டது. 1.0, 1.1 இரண்டையும் இனி பயன்படுத்தக் கூடாது என்று அதே குழு 2021 மார்ச்சில் ஆர்.எப்.சி. 8996 என்ற ஆவணத்தில் அறிவித்தது. பணம் சம்பந்தப்பட்ட இடங்கள் அதற்கும் முந்திக்கொண்டன. கடன் அட்டைத் துறையின் பாதுகாப்புத் தரம், எஸ்.எஸ்.எல்.-ஐயும் ஆரம்பகால டி.எல்.எஸ்.-ஐயும் கைவிட 2018 ஜூன் 30-ஐக் கெடுவாக வைத்தது. ஆக, இன்று கையில் மிச்சம் இருப்பவை 1.2, 1.3 இரண்டுதான்.

இந்த இரண்டில் எதைப் பேசுவது என்பதை இணைப்பின் தொடக்கத்திலேயே கணினிகள் தமக்குள் முடிவு செய்துகொள்கின்றன. இதற்குக் கைகுலுக்கல் (இணைப்பின் தொடக்கப் பேச்சுவார்த்தை) என்று பெயர். தமிழும் மலாயும் தெரிந்தவர், மலாயும் சீனமும் தெரிந்தவரிடம் சந்தையில் மீன் வாங்கினால் பேச்சு தானாக மலாயில் நடக்குமே, அதே மாதிரிதான். உங்கள் மென்பொருள் தனக்குத் தெரிந்த பதிப்புகளைச் சொல்கிறது. சேவையகம் அவற்றுள் தனக்கும் தெரிந்த சிறந்ததை எடுத்துக்கொள்கிறது. நடுவில் ஒருவர் அந்தப் பட்டியலைத் திருத்தி உயர்ந்த பதிப்பை அழித்துவிட்டால் என்ன செய்வது? அதற்கும் ஏற்பாடு உண்டு. இருவரும் பேசிய அத்தனையையும் கடைசியில் ஒப்பிட்டுச் சரிபார்க்கிறார்கள். பொருந்தாவிட்டால் இணைப்பு முறிந்துவிடும். 1.3 தெரிந்த சேவையகம் கீழ்ப் பதிப்புக்கு இறங்க நேர்ந்தால், தான் அனுப்பும் தற்செயல் எண்ணின் கடைசி எட்டு பைட்டுகளில் ஓர் அடையாளத்தையும் பொதிந்து வைக்கிறது. 1.3 தெரிந்த மென்பொருள் அதைப் பார்த்ததும், யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று கண்டுகொள்ளும்.

நீங்கள் எழுதியிருக்கும் ‘இறங்கி முயலும்’ நிரல் இந்தப் பாதுகாப்பை முழுக்கத் தாண்டிப் போய்விடுகிறது. இதைத்தான் நான் முதலில் எடுக்கச் சொல்வேன். கைகுலுக்கலுக்குள் நடக்கும் பேரத்துக்குத்தான் சரிபார்ப்பு உண்டு. ஓர் இணைப்பு அறுந்து, நீங்கள் வெளியிலிருந்து புதிதாக ‘1.0 மட்டும்’ என்று இன்னோர் இணைப்பைத் தொடங்கினால், முந்தையது ஏன் அறுந்தது என்று சேவையகத்துக்குத் தெரியாது. நடுவே இருப்பவர் கம்பியை இரண்டு முறை வெட்டினால் போதும். உங்கள் மென்பொருள் தானாகவே பலவீனமான பதிப்புக்கு வந்து நிற்கும். 2014 அக்டோபரில் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘பூடில்’ தாக்குதல் இப்படித்தான் வேலை செய்தது. பழைய சேவையகங்களுக்கு இரக்கப்பட்டு, தோற்றால் கீழே இறங்கி முயலும் பழக்கம் அன்றைய உலாவிகளுக்கு இருந்தது. தாக்குபவர் அவற்றை எஸ்.எஸ்.எல். 3.0 வரை இறக்கினார். பிறகு பூட்டிய தகவலை, ஒரு பைட்டுக்குச் சராசரியாக 256 முயற்சி என்ற கணக்கில் பிரித்துப் படித்தார். அடுத்த வருடம் ஜூனில் எஸ்.எஸ்.எல். 3.0 அதிகாரபூர்வமாகக் கைவிடப்பட்டது. பதினெட்டு வருடப் பழைய பதிப்பு ஒன்றை யாருக்காகவோ விட்டு வைத்ததால் வந்த வினை அது. உங்கள் எண்ணம் நல்லதுதான், வாடிக்கையாளருக்கு வேலை நடக்க வேண்டும் என்பதுதான். ஆனாலும் அந்தச் சுற்றை அழித்துவிடுங்கள்.

‘1.3 மட்டும்’ என்ற நண்பருக்கு 1.3-இன் அருமை தெரிந்திருக்கிறது. அது நல்ல பதிப்பு. ஒரு முறை போய்வருவதிலேயே கைகுலுக்கலை முடிக்கிறது. பழைய, ஓட்டையான பூட்டு முறைகளைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டது. நாளைக்குச் சேவையகத்தின் சாவி திருடு போனாலும், நேற்றுப் பதிவு செய்து வைத்த தகவலைப் படிக்க முடியாதபடி ஒவ்வோர் இணைப்புக்கும் புதுச் சாவி செய்கிறது. ஆனால் விண்டோஸில் அது முறையாகக் கிடைப்பது விண்டோஸ் 11-இலும் விண்டோஸ் சர்வர் 2022-இலும்தான். ‘1.3 மட்டும்’ என்று எழுதினால், விண்டோஸ் 10 ஓடும் கல்லாக்கள் அத்தனையும் ஒரே நாளில் நின்றுவிடும். 1.2-ஐச் சரியான பூட்டு முறைகளோடு பயன்படுத்தினால் அது இன்றும் பாதுகாப்பானதுதான். அதை வெட்டி எறிய இப்போது அவசியம் இல்லை.

சான்றிதழ்ச் சரிபார்ப்பை நிறுத்தும் யோசனையைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. சரிபார்க்கும் இடத்தில் ‘எது வந்தாலும் சரி’ என்று ஒரே வரி எழுதிவிட்டால், எதிரில் இருப்பது வரி வாரியத்தின் சேவையகமா வேறு யாராவதா என்று உங்கள் மென்பொருள் பார்ப்பதே இல்லை. யாருடன் பேசுகிறோம் என்று தெரியாமல் எவ்வளவு வலுவாகப் பூட்டினால் என்ன? மைஇன்வாய்ஸில் நுழைய உங்கள் மென்பொருள் அடையாள எண்ணையும் ரகசியச் சொல்லையும் (கிளையண்ட் ஐடி, கிளையண்ட் சீக்ரெட்) அனுப்பித்தானே அனுமதிச்சீட்டு வாங்குகிறது? நடுவே இருப்பவர் கையில் அந்த ரகசியம் கிடைத்தால் கடைக்காரர் பெயரில் விலைப்பட்டியல் போடலாம். பழைய பதிப்பை உடைக்கத் திறமையும் பொறுமையும் வேண்டும். சரிபார்ப்பு நின்ற மென்பொருளை ஏமாற்றக் கடையின் வைஃபைக்குள் நுழைந்தாலே போதும். தவிர, அந்த யோசனை உங்கள் பிழையைத் தீர்க்கவும் செய்யாது. சான்றிதழில் கோளாறு இருந்தால் டாட்நெட் ‘நம்பிக்கை உறவை ஏற்படுத்த முடியவில்லை’ என்று வேறொரு செய்தியைக் காட்டும். உங்களுக்கு வந்தது அதற்கும் முந்தைய கட்டத்தில் வரும் செய்தி.

இன்னொன்று. விலைப்பட்டியலில் மின்கையொப்பம் இட வாங்கும் சான்றிதழ் வேறு, சேவையகம் தன்னை அடையாளம் காட்டும் சான்றிதழ் வேறு. முன்னது உங்கள் வாடிக்கையாளருடையது, ஆவணத்துக்கானது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, கையொப்பச் சான்றிதழை மாற்றிப் பார்த்து நாள் கணக்கில் அலைபவர்கள் உண்டு. நீங்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

அப்படியானால் ஜாசின் கணினியில் என்னதான் நடக்கிறது? உங்கள் நிரல் முதலில் 1.2-ஐத்தான் வெளிப்படையாகக் கேட்கிறது. விண்டோஸ் 7-க்கு 1.2 தெரியும், தானாக முன்வந்து சொல்லாது, கேட்டால் பேசும். ஆகவே பதிப்பு காரணமாக இருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. என் சந்தேகம் மறைகுறித் தொகுப்பின் (சாவியை எப்படிப் பரிமாறுவது, தகவலை எந்த முறையில் பூட்டுவது என்பவற்றின் சேர்க்கை) மேல். 1.2 என்பது ஒரே பூட்டு அல்ல, நல்லதும் கெட்டதுமாகப் பல சேர்க்கைகள் அதற்குள் இருக்கின்றன. ஆர்.எஸ்.ஏ. சான்றிதழோடு இ.சி.டி.எச்.இ. சாவிப் பரிமாற்றமும் ஏ.இ.எஸ்.-ஜி.சி.எம். பூட்டும் சேர்ந்த தொகுப்பைத்தான் இன்றைய சேவையகங்கள் பல கேட்கின்றன. அந்தச் சேர்க்கை விண்டோஸ் 7-இல் கிடையாது, 8.1-இலும் கிடையாது, 10-இல்தான் வந்தது. பதிப்பு பொருந்தியும் தொகுப்பு பொருந்தாமல் இணைப்பு முறிவது இப்படித்தான். நிரலில் பதிப்பு எண்ணை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது.

ஊகத்தோடு நிற்க வேண்டாம். அந்தக் கணினியிலேயே பார்த்துவிடலாம். ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ் பகுதியில் சிஸ்டம் என்பதற்குள் போங்கள். மூலம் என்ற இடத்தில் எஸ்சேனல் என்றிருக்கும் வரிகளைத் தேடுங்கள். மென்பொருள் தோற்ற அதே நிமிடத்தில் 36887 என்ற நிகழ்வு பதிவாகியிருந்தால், எதிர்முனையிலிருந்து ஓர் எச்சரிக்கை எண் வந்தது என்று பொருள். அந்த எண் 70 என்றால் பதிப்பு பொருந்தவில்லை. 40 என்றால் கைகுலுக்கலே தோற்றது. பெரும்பாலும் தொகுப்புதான் காரணம். சில சேவையகங்கள் எண் எதுவும் சொல்லாமல் இணைப்பை வெட்டிவிடும். அப்போது இங்கே ஒன்றும் பதிவாகாது. கூடவே கணினியின் தேதியையும் பாருங்கள். பழைய கல்லாக் கணினிகளில் தாய்ப்பலகையின் சிறு பேட்டரி செத்துப்போய், ஒவ்வொரு காலையும் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கும். அப்படி நின்றால் எந்தச் சான்றிதழும் செல்லாது. அது வேறு செய்தியாகத்தான் வரும் என்றாலும், ஒரு கோளாறைத் தீர்த்த கையோடு அடுத்ததில் முட்டிக்கொள்ள வேண்டாமே.

இனி நிரலுக்கு வருவோம். எந்தப் பதிப்பைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டீர்கள். என் பதில்: நிரலில் எந்தப் பதிப்பையும் தேர்ந்தெடுக்காதீர்கள். மென்பொருளை டாட்நெட் பிரேம்வொர்க் 4.8-க்கு மாற்றித் தொகுங்கள். ‘செக்யூரிட்டி புரோட்டோகால்’ என்று பதிப்பைக் குறிப்பிடும் வரிகளையும், யாரோ 3072 என்ற எண்ணை நேரடியாகப் போட்டு எழுதிய வரி இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். 4.7-லிருந்து டாட்நெட் அந்த முடிவை இயங்குதளத்திடம் விட்டுவிடுகிறது. விண்டோஸ் 10-இல் 1.2 பேசும்; கடைக்காரர் 11-க்கு மாறினால், நீங்கள் ஒரு வரியும் தொடாமலே 1.3 பேசும். நாளை புதிய பதிப்பு வந்து பழையது கைவிடப்பட்டாலும் இதே மென்பொருள் தாக்குப்பிடிக்கும். 4.5-இல் எழுதிய உங்கள் மென்பொருளுக்கு இயல்பாகத் தெரிந்தவை எஸ்.எஸ்.எல். 3.0-உம் டி.எல்.எஸ். 1.0-உம்தான், அன்றைக்கு அது சரியான முடிவாக இருந்தது. முடிவை நிரலுக்குள் எழுதி அடைத்ததால்தான் இன்றைக்கு அது சுமையாகிவிட்டது.

மறுதொகுப்பு செய்ய முடியாத பழைய மென்பொருள் ஏதாவது இருந்தால், ரெஜிஸ்ட்ரியில் டாட்நெட் கிளையில் ‘சிஸ்டம் டிஃபால்ட் டி.எல்.எஸ். வெர்ஷன்ஸ்’, ‘எஸ்.சி.எச். யூஸ் ஸ்ட்ராங் கிரிப்டோ’ என்ற இரண்டுக்கும் 1 என்று மதிப்புக் கொடுங்கள். 32 பிட் மென்பொருள் வேறு கிளையிலிருந்து படிக்கும் என்பதால் இரண்டு கிளைகளிலும் எழுத வேண்டும். பலர் ஒன்றில் மட்டும் எழுதிவிட்டு, ஏன் வேலை செய்யவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

பதிப்பை நீங்களே எழுத வேண்டிய இடம் உங்கள் சேவையகம். அங்கே கதவுக்குப் பொறுப்பு நீங்கள். குறைந்தபட்சம் 1.2, அதற்கு மேல் 1.3-உம் உண்டு என்று வையுங்கள். என்ஜின்எக்ஸில் அது ஒரே வரி. ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1 அல்லது அதற்குப் பிந்தையதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், 1.3 அதில்தான் வந்தது. முதலாளிகளின் கைப்பேசிகளில் உள்ள உலாவிகள் 2020-லேயே 1.0, 1.1-ஐ விட்டுவிட்டன. ஆகவே யாரும் வெளியே நிற்க மாட்டார்கள். பிறகு எஸ்.எஸ்.எல். லேப்ஸ் தளத்தில் உங்கள் சேவையக முகவரியைக் கொடுத்துச் சோதியுங்கள், காசு எதுவும் கிடையாது. பழைய பதிப்பு ஒன்று திறந்திருந்தாலும் ‘பி’க்கு மேல் தர மாட்டார்கள். பைதானிலோ கோ மொழியிலோ ஏதாவது எழுதினாலும் இதே கொள்கைதான்: கீழ் எல்லையை மட்டும் சொல்லுங்கள், மேல் எல்லையைச் சொல்லாதீர்கள்.

சட்டப் பக்கமும் ஒரு வார்த்தை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 2024 திருத்தத்தின்படி, தரவுக் கசிவு நேர்ந்தால் ஆணையரிடம் தெரிவிக்கும் கடமை 2025 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பழைய பதிப்பைப் பயன்படுத்தியதே ஒரு கசிவு ஆகாது. ஆனால் கடைக்காரர்களின் தகவலைக் கையாளும் நீங்களும் பாதுகாப்புக்குப் பொறுப்பாளி. என்ன மாற்றினீர்கள், எந்தத் தேதியில், எந்தக் கடையில் என்று ஒரு கோப்பில் குறித்து வையுங்கள்.

ஜாசின் கணினியை என்ன செய்வது? விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாப்ட் ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு முடிந்தது. அந்தக் கணினி மாற வேண்டியதுதான்; அதை முதலாளியிடம் தயங்காமல் சொல்லுங்கள். விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டதால், வாங்கும்போது 11 ஓடும் கணினியாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். பழைய பொருள் என்றாலும் பரவாயில்லை. கல்லாவை உடனே மாற்ற அவருக்கு வசதி இல்லை என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள், வழி இருக்கிறது. பில் போடுவது அந்தக் கணினியிலேயே நடக்கட்டும். விலைப்பட்டியல்களைக் கடைக்குள் இருக்கும் தரவுத்தளத்தில் சேர்த்து வைத்து, வரி வாரியத்துக்கு அனுப்பும் பகுதியை மட்டும் பிரித்து வேறொரு புதிய கணினியில் ஓட விடுங்கள். கடையின் அலுவலக மடிக்கணினி ஒன்றே போதும். பிறகு அந்தக் கல்லாவின் இணையத் தொடர்பைத் துண்டித்து, கடைக்குள்ளான வலையில் மட்டும் வைத்திருங்கள். அதுவரை அவசரமான விலைப்பட்டியல்களை மைஇன்வாய்ஸ் வலைவாசலில் கையால் உள்ளிடலாம்.

ஆண்டு விற்பனை 1 மில்லியனிலிருந்து 5 மில்லியன் ரிங்கிட் வரை உள்ள கடைகளுக்கு மின்விலைப்பட்டியல் 2026 ஜனவரி 1 முதல் வந்துவிட்டது. உங்கள் வாடிக்கையாளர்கள் பலர் அந்த வரிசையில்தான் இருப்பார்கள். எல்லாக் கடைகளுக்கும் ஒரே நாளில், புதிதாகத் தொகுத்த மென்பொருளை ஏற்ற வேண்டாம். முதலில் ஆயர் குரோவில் பக்கத்துக் கடை ஒன்றில், சோதனைச் சூழலோடு (சேண்ட்பாக்ஸ்) இணைத்து ஒரு வாரம் ஓட விடுங்கள். சான்றிதழ்ச் சரிபார்ப்பு உயிரோடு இருக்கிறதா என்றும் அங்கேயே பாருங்கள். காலாவதியான சான்றிதழ் வைத்த ஒரு சோதனை முகவரிக்கு மென்பொருளை அனுப்பினால், அது மறுத்து நிற்க வேண்டும். மறுத்தால் மற்ற கடைகளுக்குக் கொண்டு போங்கள். ஜாசினில் 40 வந்ததா 70 வந்ததா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். இரண்டும் இல்லாமல் வேறு எண் வந்திருந்தால், அந்த வரியை அப்படியே படம் எடுத்து அனுப்பினால் போதும்.